எண்பது கிராம்

காலை ஐந்தரை.
தாராவி முனிசிபல் பள்ளி, இரண்டாம் வகுப்பு.
சுவர்ப்படத்தில் யானை, தாமரை, கடிகாரம் மூன்றின் மேலும்
செய்தித்தாள் ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.
சின்னங்களாம்.
மாம்பழம் தப்பித்துவிட்டது. இது மும்பை.

குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்,
சுயேச்சை ஒருவரின் ஏஜெண்டாக.
"நீ மெஷின் தெரிஞ்ச ஆளு" என்று
சட்டையில் அட்டையைக் குத்திவிட்டுப் போனார்கள்.
தொண்ணூறடி ரோட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் நான்.

மாதிரி ஓட்டு ஐம்பது.
பொத்தான், பீப். பொத்தான், பீப்.
தாண்டேகர் டீச்சர் எண்ணிக் காட்டினார்:
சீட்டும் திரையும் ஒன்றையே சொல்லின.
பிறகு அழித்தார். பூஜ்யம்.
பச்சைத்தாள் முத்திரையை நீட்டினார், கையெழுத்துக்கு.

பேனா அங்கேயே நின்றது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால்
பதிமூணாம் காம்பவுண்டில் செல்லக்கனி அண்ணாச்சி
எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினார்.
சிவப்பு எண்கள். பக்கவாட்டில்
கம்பியில் தொங்கியது அரசாங்கத்தின் ஈயமுத்திரை.
அதை நான் தொடவே இல்லை.
போக வேறு வழி இருந்தது, போனேன்.
நகத்தளவு ஒரு சில்லு.
கிலோவுக்கு எண்பது கிராம்.
இன்ஸ்பெக்டர் வந்து படிக்கல்லை வைத்தால்
கல்லுக்குச் சமமாக ஆயிரம் காட்டும்.
அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும்
பழைய புத்தி வந்துவிடும் அதற்கு.
அப்படித்தான் எழுதியிருந்தேன்.
கூலி ஆயிரத்து இருநூறு, ஒரு பிளேட் பிரியாணி.

முப்பிடாதி அக்கா தலையில் மூட்டையோடு வருவாள்.
தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, காதறுந்த பக்கெட்.
எண்ணைப் பார்ப்பாள்.
பிறகு என்னைப் பார்ப்பாள்.
"சரியாத்தான இருக்கு?"
"முத்திரை இருக்குல்லக்கா" என்றேன்.

தராசு காயலான் கடைக்கே போன நாள்வரைக்கும்
முத்திரை உடையவில்லை.

இந்த மெஷினுக்குள் அப்படி ஏதோ இருக்கிறது என்று
நான் சொல்ல வரவில்லை.
இருந்தால் எனக்குத் தெரியாது,
அதுதான் எனக்குத் தெரிந்தது.
உள்ளே எழுதியவர் யார்,
எழுதியதைப் படித்துப் பார்த்தவர் யார்,
எந்த கோடவுனில் எத்தனை ராத்திரி,
கேமரா ஓடிக்கொண்டிருந்ததா அல்லது
கேமராவுக்கும் கரண்ட் போயிருந்ததா.
இந்த ஐம்பது ஓட்டும்
ஸ்கூட்டரில் வந்த இன்ஸ்பெக்டர்தானே என்று
டீச்சரிடம் கேட்க நினைத்தேன்.
அவருக்கு இரண்டு நாள் பயிற்சி,
எந்த வயர் எந்த ஓட்டையில் என்று.
நேற்று ராத்திரி இதே வகுப்பில்
மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாராம்.
கொசு. கன்னமெல்லாம் தடிப்பு.

கையெழுத்துப் போட்டேன்.
டீச்சரின் கன்னத்துக்காக என்றும் சொல்லலாம்.

பதினொன்றரைக்கு வரிசையில் முப்பிடாதி அக்கா.
நரைத்துவிட்டாள். அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
விரலை நீட்டி மை வாங்கினாள்.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நீளமாக ஒரு பீப்.
கண்ணாடிக்குள் ஏழு விநாடி வெளிச்சம்,
அதில் அவள் சீட்டு.
அறுந்து விழுந்தது.
குலுக்கலில் இந்தச் சாவடி வந்தால்
அந்தச் சீட்டை ஒரு மனிதக் கை எண்ணும்.
வராவிட்டால் அது காகிதம்,
கிலோ என்ன விலையோ.

வெளியே போனவள் வாசலில் நின்றாள்.
இத்தனை பேரில் என்னிடம் கேட்டாள்:
"சரியா விழுந்துருச்சாய்யா?"

என் நோட்டில் அப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு.
வந்து போனவர்கள். நானே எண்ணியது,
கோடு கோடாக, ஐந்தாவது கோடு குறுக்கே.
"நீங்க வந்தீங்கக்கா. எழுதியிருக்கேன்."
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.

எண்ணைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
டீச்சர் கையசைத்து அவளைப் போகச் சொன்னார்.